வலைப்பூவில் காசு வரவில்லையா? எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் வலைப்பூ வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எழுதிக்கிட்டேதான் இருக்கேன், காசு மட்டும் வர மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலில் நின்று வானத்தைப் பார்த்து என்ன பயன், வாய்க்கால் ஓரமாகவே மேலே நடந்துபோய் எந்த மதகில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வலைப்பூவில் மூன்று இடத்தில் நிற்கும். ஒன்று, வாசகர் வரவில்லை. இரண்டு, வாசகர் வருகிறார், ஆனால் காசாக மாறவில்லை. மூன்று, காசு திரையில் தெரிகிறது, ஆனால் கைக்கு வந்து சேரவில்லை. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுக்கு எது பொருந்துகிறதோ நேராக அங்கே போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒன்று. ஆக்டிவ் வருமானம் என்பது நீங்கள் ஒரு வேலை செய்து அதற்கு வாங்கும் காசு: ஒரு கடைக்குப் பக்கம் எழுதிக் கொடுப்பது, பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது, வகுப்பு எடுப்பது. பாசிவ் என்பது ஒரு தடவை செய்து வைத்தது பிறகும் கொடுத்துக்கொண்டிருப்பது: விளம்பரம், கமிஷன் இணைப்பு (நீங்கள் வைத்த இணைப்பு வழியாக யாராவது பொருள் வாங்கினால் கடை தரும் பங்கு), மின்னூல். தமிழில் எழுதுகிறவர்களுக்கு முதல் காசு ஆக்டிவ் பக்கமிருந்துதான் வரும் என்பது நான் பார்த்த வரையில் என் கருத்து. ஆனால் எல்லோரும் பாசிவில் ஆரம்பித்து, ஆறு மாதத்தில் சலித்துப்போய், வலைப்பூவையே மூடிவிடுகிறார்கள்.

பதிவு போட்டு மாதக்கணக்காகிறது, கூகுளில் தேடினால் வரவே இல்லை

தேடலில் உங்கள் பக்கங்கள் எப்படித் தெரிகின்றன என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் வலைப்பூவைச் சேர்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் வேறு எதையும் தொடாமல் அதை முதலில் செய்யுங்கள், இலவசம்தான். சேர்த்த பிறகு மேலே இருக்கும் பெட்டியில் பதிவின் முகவரியை ஒட்டினால், அந்தப் பக்கம் கூகுள் பட்டியலில் இருக்கிறதா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று சொல்லிவிடும்.

அந்தக் காரணத்தைக் கவனமாகப் படியுங்கள். 'டிஸ்கவர்டு' என்று ஆரம்பித்து 'நாட் இண்டெக்ஸ்டு' என்று முடிந்தால், பக்கம் இருப்பது அதற்குத் தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை. புது வலைப்பூவுக்கு இது சகஜம். சைட்மேப்பை, அதாவது உங்கள் பக்கங்களின் முகவரிப் பட்டியலை, அங்கே கொடுங்கள், பழைய பதிவுகளிலிருந்து புதுப் பதிவுக்கு இணைப்பு வையுங்கள், காத்திருங்கள். 'கிரால்டு' என்று ஆரம்பித்தால் விஷயம் வேறு. வந்து படித்துப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்ள வேண்டாம் என்று போயிருக்கிறது. இங்கே சைட்மேப்பை எத்தனை தடவை கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது, பதிவைத்தான் திருத்த வேண்டும். தினசரியில் வந்த செய்தியை நாலு வரி மாற்றி எழுதியது, ராசிபலன், வாட்ஸப்பில் சுற்றிய கைவைத்தியக் குறிப்பு, இதெல்லாம் ஆயிரம் இடத்தில் ஏற்கெனவே கிடக்கிறது, ஆயிரத்தொன்றாவதாக உங்களுடையது எதற்கு?

ஒரு பதிவுகூட பட்டியலில் இல்லை, மொத்தமும் காணோம் என்றால் அமைப்பைப் பாருங்கள். பிளாக்கரில் தனியுரிமைப் பகுதியில் தேடுபொறிகளுக்குக் காட்டலாமா என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வேர்ட்பிரஸில் 'ரீடிங்' அமைப்பில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு டிக். தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் வேலை முடியும்வரை அதைப் போட்டு வைத்துவிட்டு எடுக்க மறந்திருப்பார்.

இன்னொன்று, தலைப்பையும் விவரத்தையும் அழகான எழுத்தில் படமாகச் செய்து ஒட்டுவது. கோயில் நடை திறக்கும் நேரம் முழுவதும் ஒரு படத்துக்குள் இருக்கும், பதிவில் "விவரம் படத்தில்" என்று ஒரே வரி. தேடி வருகிறவருக்கு அது கிடைக்காது. எழுத்தை எழுத்தாகவே போடுங்கள்.

தேடலில் தெரிகிறது, யாரும் அழுத்தவில்லை

சர்ச் கன்சோலில் 'இம்ப்ரெஷன்', அதாவது தேடலில் காட்டப்பட்ட தடவை, ஆயிரக்கணக்கில் இருக்கும், 'கிளிக்', அதாவது அழுத்திய தடவை, விரல் விட்டு எண்ணலாம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

திருத்துறைப்பூண்டி பக்கம் நெல்லைப் பற்றி எழுதும் நண்பர் ஒருவரின் கணக்கைத் திறந்து உட்கார்ந்து பார்த்தோம். சம்பாப் பட்டத்துக்கு ஏற்ற ரகத்தைப் பற்றி அருமையான பதிவு, அவரே நட்டு அறுத்தது. தலைப்பு 'சம்பாவின் அரசன்'. கீழே எந்தெந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு இந்தப் பக்கம் காட்டப்பட்டது என்ற பட்டியலைப் பார்த்தால்: பொன்மணி நெல் எத்தனை நாள், சிஆர் 1009 வயது, பொன்மணி ஏக்கருக்கு எவ்வளவு விதை, அப்புறம் இதே கேள்விகள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தவை. விவசாயி ஒருவர் விதை வாங்கப் போகும் முன் போனில் கேட்கும் கேள்விகள் இவை. 'சம்பாவின் அரசன்' என்பது இதில் எதற்குமே பதில் மாதிரி தெரியவில்லை, அதனால் அதைத் தாண்டிக் கீழே போய்விட்டார்கள்.

தலைப்பை 'பொன்மணி என்கிற சிஆர் 1009: எத்தனை நாள், ஏக்கருக்கு எவ்வளவு விதை' என்று மாற்றினோம். முதல் பத்தியிலேயே 155 முதல் 160 நாள் என்று எழுதினோம். ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களுக்காகப் பதிவின் முகவரியில் ரகத்தின் பெயரை ஆங்கில எழுத்திலும் வைத்தோம். பதிவின் உள்ளே வேறு ஒரு வரியும் மாற்றவில்லை, ஆனால் அழுத்தி உள்ளே வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

இதையும் செய்தாயிற்று, இன்னும் கிளிக் இல்லை என்றால், தேடல் பக்கத்தின் உச்சியிலேயே கூகுள் ஏஐ பதிலைச் சொல்லிவிடுகிறதா என்று போனில் தேடிப் பாருங்கள். எத்தனை நாள் என்பதற்கு அங்கேயே பதில் வந்துவிட்டால் உங்களிடம் வர மாட்டார்கள், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் புகையான் பூச்சி தாக்கிய வயலை நாலு நாள் இடைவெளியில் எடுத்த படங்கள், எந்த இடத்தில் வட்டமாகக் காய ஆரம்பித்தது, தண்ணீரை வடித்தபின் என்ன ஆனது, இதைச் சுருக்கித் தர முடியாது. அந்த மாதிரிப் பதிவுகளில் நேரத்தைப் போடுங்கள்.

ஏறியது, ஒரே வாரத்தில் விழுந்தது

பயப்படும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். குருப் பெயர்ச்சிக்கு முன் ஆலங்குடி, ராகு-கேது பெயர்ச்சிக்கு முன் திருநாகேஸ்வரமும் கீழப்பெரும்பள்ளமும், சனிப் பெயர்ச்சிக்கு முன் திருநள்ளாறு என்று கோயில்களைத் தேடுவார்கள். பெயர்ச்சி முடிந்த மறுநாள் அந்தத் தேடல் அடங்கிவிடும். நெல்லுக்கும் இப்படித்தான், ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி குறுவை ரகம் தேடுவார்கள், ஐப்பசி கார்த்திகையில் பயிர்க் காப்பீடும் பூச்சியும். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கும், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் இது பருவமா பழுதா என்று தெரிந்துவிடும்.

பருவம் என்றால் அதற்கான பதிவை ஒன்றரை மாதம் முன்பே போட்டுவிட வேண்டும், கூகுள் வந்து பார்த்து மேலே கொண்டுவர நேரம் வேண்டாமா. வருடா வருடம் புதுப் பதிவு போடாமல் ஒரே முகவரியில் தேதியை மாற்றி வையுங்கள். தேதியில் கவனம். 2025 மார்ச் 29 சனிப் பெயர்ச்சி என்று திருக்கணிதப்படி ஊரெல்லாம் எழுதியபோது, வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும் திருநள்ளாறு கோயில் அந்த வருடம் பெயர்ச்சி இல்லை, 2026-இல்தான் என்று அறிவித்தது. இரண்டு பஞ்சாங்கத்தையும் விளக்கி எழுதியவர் பக்கத்தில் ஆள் நிற்கும். ஒன்றை மட்டும் காப்பியடித்தவரை நம்பி வண்டி பிடித்து வந்தவர் திட்டிக்கொண்டு போவார்.

பருவம் இல்லை, எல்லாப் பதிவும் சேர்ந்து விழுந்தது என்றால், கூகுள் தன் தேடல் முறையை மாற்றிய நாளோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். 2024 மார்ச்சில் வந்த மாற்றத்தோடு, எந்திரத்தை வைத்து மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களுக்கு எதிரான கொள்கையும் வந்தது. ஒரே நாளில் முப்பது பதிவு ஏஐ மூலம் போட்ட தளம் விழுந்தால் நான் என்ன சொல்ல, அந்த முப்பதையும் எடுத்துவிடுங்கள்.

ஆட்சென்ஸ் திரும்பத் திரும்ப வேண்டாம் என்கிறது

ஆட்சென்ஸ் என்பது வலைப்பூவில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் சேவை. "தமிழ்ல எழுதறதாலதான் தர மாட்டேங்கிறான்" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2018 பிப்ரவரியிலேயே ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டுவிட்டது, அந்தக் காரணம் செத்துப் பல வருடமாகிறது. வழக்கமான காரணங்கள்: பத்துப் பதினைந்து பதிவு, ஒவ்வொன்றும் நாலு வரி, பாட்டு வரிகள், பழைய பத்திரிகை ஸ்கேன், மற்றவர் எடுத்த கோயில் படம், தொடர்பு கொள்ளும் பக்கமும் தனியுரிமைப் பக்கமும் இல்லாதது, மெனுவில் அழுத்தினால் காலியாகத் திறக்கும் பிரிவுகள். ஏற்கெனவே யூடியூபுக்காக உங்கள் பெயரில் ஆட்சென்ஸ் கணக்கு இருந்தால் இரண்டாவது கிடைக்காது, ஒருவருக்கு ஒன்றுதான், பழைய கணக்கிலேயே வலைப்பூவைச் சேர்க்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் எழுதினால் பெற்றோர் பெயரில் வாங்குங்கள்.

விளம்பரம் ஓடுகிறது, காசு டீக்குக்கூடக் காணாது

ஆட்சென்ஸ் கணக்கில் 'பேஜ் ஆர்பிஎம்' என்று ஒரு எண் இருக்கும். ஆயிரம் பக்கப் பார்வைக்கு உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்பது அது. பேச்சுக்கு அது அரை டாலர் என்று வையுங்கள். ஆட்சென்ஸ் காசை அனுப்ப 100 டாலர் சேர வேண்டும். அப்படியானால் இரண்டு லட்சம் பார்வை. மாதம் ஐயாயிரம் பார்வை வரும் வலைப்பூவுக்கு இது நாற்பது மாதம். கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "விளம்பரத்தை இடம் மாற்றி வைக்கலாமா, நிறம் மாற்றலாமா" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

காசு ஏலத்தில் முடிவாகிறது, வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன படிக்கிறார் என்பதைப் பொறுத்து விளம்பரதாரர் கொடுக்கும் விலை மாறும். பாபநாசத்தில் இருந்து திறப்பதும் சிங்கப்பூரில் இருந்து திறப்பதும் ஒரே விலை கிடையாது. 2024 முதல் ஆட்சென்ஸ் கிளிக்குக்குப் பதில் விளம்பரம் காட்டப்படுவதை வைத்துக் காசு கொடுக்கிறது, அதனால் "கொஞ்சம் அழுத்துங்க" என்று கெஞ்சுவதில் லாபமும் இல்லை, மாட்டினால் கணக்கே போய்விடும். சித்தப்பா பையன் பாசத்தில் தினமும் நாலு தடவை அழுத்துவதும் இதில் சேர்த்தி. திரையில் காட்டிய தொகை மாதக் கடைசியில் குறைந்து வந்தால் முக்கால்வாசி இதுதான்: திரையில் இருப்பது மதிப்பீடு, செல்லாத கிளிக்கைக் கழித்தபின்தான் இறுதித் தொகை.

சிறிய வலைப்பூவுக்கு விளம்பரத்தைப் பின்னணியில் ஓடவிட்டு மறந்துவிடலாம். அதை வைத்து வீட்டுச் செலவுக்குத் திட்டம் போடக் கூடாது.

திரையில் காசு இருக்கிறது, வங்கிக்கு வரவில்லை

ஆட்சென்ஸில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். சாதாரணத் தபால், கையெழுத்து வாங்கும் பதிவுத் தபால் இல்லை, இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். கிராமத்தில் இருந்தால் தெருப் பெயரைவிட எந்த அஞ்சலகம் என்பதும் அஞ்சல் குறியீடும்தான் முக்கியம், கூடவே வீட்டுப் பெரியவர் பெயரையும் போடுங்கள், தபால்காரருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் அப்பாவைத் தெரியும். கிளை அஞ்சலகத்தில் "வெளிநாட்டுலேருந்து ஒரு சின்ன லெட்டர் வரும் சார், பார்த்து எடுத்து வைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது. முதல் பின் உருவாகி நான்கு மாதத்துக்குள் அதை உள்ளிடவில்லை என்றால் விளம்பரம் நின்றுவிடும். வராவிட்டால் மறுபடி கேட்கலாம், அதுவும் வரவில்லை என்றால் அடையாள அட்டையைப் பதிவேற்றிச் சரிபார்க்க வழி இருக்கிறது. பெயரும் முகவரியும் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

பின் முடிந்தது, 100 டாலரும் தாண்டியது, ஆனால் வங்கி திருப்பி அனுப்பிவிட்டது என்றால் மூன்றைப் பாருங்கள். பெயர் வங்கிக் கணக்கில் உள்ளது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா. வெளிநாட்டுப் பணம் வந்துசேர வங்கிக்கு உள்ள ஸ்விஃப்ட் குறியீடு சரியா: நம் ஊர்ச் சிறிய கிளைகள் பலவற்றுக்குத் தனி ஸ்விஃப்ட் கிடையாது, அந்த வங்கியின் அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளையின் குறியீட்டைப் போட வேண்டும், மேலாளரிடம் கேட்டால் சொல்வார். மூன்றாவது, அந்தக் கணக்கு வெளிநாட்டுப் பணத்தை வாங்குமா என்பதே. கூட்டுறவு வங்கிக் கணக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வங்கியில் எதற்காக வந்த பணம் என்று நோக்கக் குறியீடு கேட்டால் விளம்பரத்துக்கு பி1007.

காசு ஒவ்வொரு மாதமும் 21-க்கும் 26-க்கும் இடையில்தான் கிளம்பும். ஐந்தாம் தேதி வங்கிக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள்.

கமிஷன் இணைப்பை அழுத்துகிறார்கள், கமிஷன் வரவில்லை

அமேசான் இணைப்புக்கு ஆயுள் 24 மணி நேரம். இன்று உங்கள் பக்கத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, சம்பளம் வந்தபின் அடுத்த வாரம் வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. நீங்களே உங்கள் இணைப்பில் வாங்கினாலும் இல்லை. சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது ஆகாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். பிடிஎஃபில் அந்த இணைப்பை வைக்கக் கூடாது என்பதும் விதி, பலர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் பொருளைப் பாருங்கள். பதிவு நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றி, இணைப்போ செல்போன் கவருக்கு. அதே பதிவில் 17 சதவீத ஈரப்பதம் என்பது எப்படி அளக்கப்படுகிறது, மூட்டையைக் கொண்டுபோய் வரிசையில் நிற்கும் முன் களத்திலேயே தெரிந்துகொள்வது எப்படி என்று எழுதி, அங்கே ஈரப்பதமானிக்கும் நல்ல தார்ப்பாய்க்கும் இணைப்பு கொடுத்தால் அது பொருந்துகிறது. ஈரப்பதமானி விலைக்குத் தனி ஆள் யோசிப்பார். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம் என்று எழுதுங்கள், நம் ஊரில் அப்படித்தான் வாங்குவார்கள். இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்று மேலேயே ஒரு வரி இருக்கட்டும். அமேசானும் கேட்கிறது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகளும் கேட்கின்றன.

மின்னூல் போட்டேன், அமேசானிலிருந்து எச்சரிக்கை மடல்

வலைப்பூப் பதிவுகளைத் தொகுத்து கிண்டிலில் போடுவது நல்ல வழி, தமிழ் மின்னூலை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல், மின்னூலை ஏற்றும்போது வரும் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்துக்கான டிக்கில் இருக்கிறது. இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அதில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவிலும். பதிவுகள் அப்படியே திறந்து கிடக்க, புத்தகம் செலக்டில் இருந்தால் மடல் வரத்தான் செய்யும். பத்து சதவீதம் வரை மாதிரியாக வலைப்பூவில் வைக்கலாம். ஆகவே ஒன்று, டிக்கை எடுத்துவிட்டு 35 சதவீதத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள், அல்லது வலைப்பூவில் இல்லாத புது விஷயத்தைப் புத்தகமாக்குங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், இலவசமாகக் கிடைத்ததை யார் காசு கொடுத்து வாங்குவார்?

நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கும் திட்டம் போன்ற சிறிய பிடிஎஃப் என்றால் கிண்டில் வேண்டாம், ஒரு யுபிஐ கட்டண இணைப்பு போதும். ஆனால் இதை பாசிவ் என்று நினைத்து மறந்துவிட்டால் போச்சு. திங்களூரில் காலையில் ஆரம்பித்து உச்சிவேளையில் நடை சாத்தும் முன் எத்தனை முடிக்கலாம் என்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். ஒரு கோயிலில் குடமுழுக்கு வேலை, ஒரு இடத்தில் பாலம் வேலை என்றால் அந்த நாளே கெட்டுவிடும். 2024-இல் கும்பகோணத்திலிருந்து அரசு நவக்கிரகப் பேருந்து விட்டார்கள், அதைச் சொல்லாத பழைய திட்டத்தை இன்றைக்கும் விற்றால் காசு கொடுத்தவர் கேட்கத்தானே செய்வார்.

வாசகர் இருக்கிறார், நல்ல பெயர் இருக்கிறது, வேலை மட்டும் வரவில்லை

வலைப்பூவைத் திறந்து, புது ஆளாக நின்று பாருங்கள்: உங்களுக்கு என்ன வேலை செய்யத் தெரியும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? பெரும்பாலான நம் வலைப்பூக்களில் 'என்னைப் பற்றி' என்ற பக்கத்தில் பிறந்த ஊரும் பிடித்த எழுத்தாளரும் இருக்கும். "கைவினைக் கடைகளுக்குப் படம் எடுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கம் எழுதிக் கொடுப்பேன், இவ்வளவு ஆகும்" என்று ஒரு பக்கம் இருக்காது. அதைப் போடுங்கள். விலையோடு போடுங்கள்.

அப்புறம் காட்ட ஒன்று வேண்டும். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றுக்குப் போய், காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுப்பதிலிருந்து, அடிப்பாகம், தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகி மாட்டுவதுவரை பொறுமையாகப் படம் எடுத்து எழுதுங்கள். என்ன உயரத்துக்கு என்ன எடை, விலையை எடைக்குத்தானே சொல்வார்கள், அந்தக் கணக்கு எப்படி, பார்சலில் அன்னத்தின் அலகு வளையாமல் எப்படிக் கட்டுகிறார்கள், பித்தளையா கலப்பா என்று வாங்குகிறவர் எப்படிப் பார்ப்பது, எல்லாம். பெண்ணுக்குச் சீர் கொடுக்கத் தேடுகிறவர் அதைப் படித்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போன் போடுவார். அந்தப் போன் நாலு வந்த பிறகு பக்கத்துப் பட்டறைக்காரரே உங்களைக் கூப்பிடுவார். சுவாமிமலைச் சிலை, திருபுவனம் பட்டு, தஞ்சாவூர் பொம்மைக் கடை என்று இப்படிப் போக இடமா இல்லை நமக்கு.

எவ்வளவு கேட்பது? போய்வந்த நாள், எழுதிய நாள், படம் திருத்திய நாள், எத்தனை நாள் என்று எண்ணுங்கள். ஊரில் கொத்தனார் நாள் கூலி எல்லோருக்கும் தெரியும், அதற்குக் கீழே போகாதீர்கள். வண்டிச் செலவு தனி.

வேலை செய்து கொடுத்தேன், காசு தரவில்லை

"நம்ம தம்பிதானே, பார்த்துப் போட்டுக் குடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையில் ஆரம்பித்த வேலை அப்படித்தான் முடியும். முன்பணம் பாதி, பக்கம் ஏறும் முன் மீதி. முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சமாக இருந்தால் பேசிவிட்டு வந்ததும் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணே, பேசினபடி பன்னிரண்டு படம், தமிழ் ஆங்கிலம் ரெண்டுலயும் ஒரு பக்கம், ஒரு வருஷம் இருக்கும், மொத்தம் இவ்வளவு, இன்னிக்கு பாதி அனுப்பினா வெள்ளிக்கிழமை வேலையை ஆரம்பிச்சுடறேன்." அவர் சரி என்று ஒரு கட்டைவிரல் போட்டால் போதும், அதுதான் ஒப்பந்தம். போடவில்லை என்றால் வெள்ளிக்கிழமை வேறு வேலை பாருங்கள்.

வாடகைக் கார்காரரோடு கமிஷன் பேசுகிறவர்களுக்கு வேறு தலைவலி. மாதக் கடைசியில் "அண்ணே, நம்ம மூலமா எத்தனை பேர் வந்தாங்க?" என்றால், "யாரும் அப்படிச் சொல்லலையே தம்பி" என்பார். பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது, போன் செய்தவர் எங்கே பார்த்தேன் என்று சொல்லியிருக்க மாட்டார். உங்கள் பக்கத்தில் எண்ணை மட்டும் போடாமல் வாட்ஸப் இணைப்பாக வையுங்கள், அழுத்தினால் 'நவக்கிரகப் பதிவு பார்த்துக் கேட்கிறேன்' என்ற வரி தானாக வந்து நிற்கும்படி. இருவர் கண்ணிலும் படும். இன்னும் சுலபம், ஆளுக்கு இவ்வளவு என்பதை விட்டுவிட்டு, மாதம் இவ்வளவு என்று நிலையாக வாங்கிவிடுவது. குறைவாக இருந்தாலும் நட்பு கெடாது.

வெளியூர் கம்பெனி மடல்: "ஒரு கட்டுரை போடுங்கள், டாலரில் தருகிறோம்"

கட்டுரைக்குள் ஒரு இணைப்பு இருக்கும், அதுதான் அவர்களுக்கு வேண்டியது. காசு வாங்கி வைக்கும் இணைப்புக்கு 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' குறி (தேடல் தரவரிசைக்கு இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்வது) போட வேண்டும் என்பது கூகுள் விதி, போடக் கூடாது என்று அவர்கள் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். ரம்மி, பந்தயம் மாதிரி என்றால் யோசிக்கவே வேண்டாம். 2025-இல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளின் விளம்பரத்தையும் தடை செய்கிறது, இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

வேலை வருகிறது, ஆனால் வலைப்பூவில் எழுத நேரமில்லை

ஆக்டிவ் வருமானம் வர ஆரம்பித்தவர்களுக்கு வரும் நோய் இது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்த வலைப்பூ ஒட்டடை பிடித்துக் கிடக்கும். ஆறு மாதத்தில் புது வேலையும் நின்றுபோகும், ஏனென்றால் வேலை வந்த வழியே அதுதான். செய்யும் வேலையிலிருந்தே பதிவை எடுங்கள். பட்டறைக்குப் போனபோது கடைக்காரர் பக்கத்துக்குப் பயன்படாத இருபது படம் மிஞ்சும், கேட்டுத் தெரிந்துகொண்ட கதை மிஞ்சும். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அது உங்கள் பதிவாகட்டும். மாதம் ஒன்று போதும். அதோடு அதிகம் பேர் வரும் ஐந்து பழைய பதிவுகளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து, நேரம், விலை, தொலைபேசி எண் இவற்றைச் சரிபார்த்தால் பாசிவ் பக்கமும் காய்ந்துபோகாது.

பேசிய தொகையைவிடக் குறைவாக வந்திருக்கிறது

கம்பெனி கொடுத்த காசு என்றால் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடித்திருப்பார்கள். உங்கள் பான் எண்ணைக் கொடுக்கவில்லை என்றால் 20 சதவீதம் வரை போய்விடும், முதலில் அதைக் கொடுங்கள். பிடித்தது வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா பாருங்கள், ஏறாவிட்டால் கம்பெனிக் கணக்காளருக்கு மடல் போடுங்கள். உங்களுக்குக் கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். வலைப்பூ வருமானமும் வருமானம்தான், ஆட்சென்ஸ் டாலர் உட்பட எல்லாவற்றையும் அதில் காட்ட வேண்டும். ஜிஎஸ்டிக்கு, சேவை செய்கிறவர்களின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். அந்த அளவுக்கு வந்துவிட்டால் ஆடிட்டரை நீங்களே தேடிப் போவீர்கள்.